பிரேக் கூவுகிறது என்று சொன்னேன்

பிரேக் கூவுகிறது என்று நான் சொன்னேன். அப்படி ஒரு சத்தமே இல்லை என்று ஐந்து ஆண்கள் சொன்னார்கள். அந்த ஐந்து பேரும் பொய் பேசுகிறவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஐந்து பேரில் ஒருவர் என் கணவர். குளச்சலுக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் ஊர். அவர் விசைப்படகில் எஞ்சின் டிரைவர். மற்ற நாலு பேரும் அதே படகில்தான் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்கு. மற்ற மூன்று பேரும் வலைவேலைக்காரர்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே படகு, ஒரே சட்டிச் சோறு. ஒருவருக்குத் தும்மல் வந்தால் இன்னொருவர் மூக்கைத் துடைப்பார் என்று நான் கேலி செய்வது உண்டு.

கார் எங்களுடையது. ஏழு பேர் உட்காரக்கூடிய பழைய வண்டி. அவர் கடலில் இருக்கும் நாட்களில் நான்தான் ஓட்டுவேன். தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் அந்த வண்டியின் இருமல், விக்கல், வயிற்றுப் பொருமல் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் கரைக்கு வந்துவிட்டால் மட்டும் சாவி அவர் கைக்குப் போய்விடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஏன் பல்லைக் கடிப்பேன் என்றால், மனிதர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். தேவை இருக்கிறதோ இல்லையோ மிதித்துக்கொண்டே ஓட்டுவார். கடலில் படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பின்கியர் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி நிறுத்த வேண்டும். மிதித்த இடத்தில் நிற்கிற ஒரு வாகனம் அவருக்கு இந்த வயதிலும் ஆச்சரியமாக இருந்தது. ஆசை தீர மிதித்தார்.

கடலோரத்தில் கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ராத்திரி முழுக்க உப்புக் காற்று பட்டால் காலையில் சக்கரத்து டிஸ்க்கில் துரு படிந்திருக்கும். வண்டியை எடுத்து முதல் தடவை பிரேக் மிதிக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். நாலைந்து தடவை மிதித்தால் துரு உதிர்ந்து சத்தமும் போய்விடும். எங்கள் தெருவில் எந்தக் கார் கிளம்பினாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் கிளம்பும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். பிரேக்கில் என்ன சத்தம் வந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரே பதில், உப்புக் காத்து. நானும் முதல் சில நாட்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இது வேறு சத்தம். கரகரப்பு இல்லை. மெல்லிசாக, நீளமாக, ஊசியால் காதைக் குத்துகிற மாதிரி ஒரு கீச்சு. வீட்டிலிருந்து கிளம்பித் திங்கள்சந்தை தாண்டிய பிறகும் அது போகவில்லை. பிரேக்கை லேசாக மிதித்தால் வந்தது, அழுத்தி மிதித்தால் அடங்கியது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரங்களில் கறுப்புத் தூள் அப்பியிருந்தது, பின்சக்கரங்களில் அவ்வளவு இல்லை. பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழே இறங்கியிருந்தது. ஒழுகல் எங்கேயும் காணோம். பேட் தேயத் தேய ஆயில் தானாகக் கீழே இறங்கும் என்று வண்டி பழகும்போது சொல்லித் தந்திருந்தார்கள். பெடலும் முன்னைவிட ஆழமாகப் போயிற்று. இத்தனையையும் பார்த்த பிறகு பேட் மாற்ற வேண்டும் என்பதற்கு ஜோசியம் கேட்க வேண்டியதில்லை.

ஆனி மாதத்து மழையும் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்து வந்து படகுகளெல்லாம் கரை சேர்ந்திருந்தன. இவரும் வீட்டில் இருந்தார். சாவி அவர் கையில். கடைக்குப் போகும் வழியில் சொன்னேன்.

“பிரேக்கு கூவுது. பேட்டு மாத்தணும்.”

“கூவுதா? எங்க?”

“இப்பம் பிரேக்க சவிட்டினியளே, அப்பம் வந்துதே.”

“ஒண்ணும் வரல்ல.”

“ரோட்டுல போற பொம்பளைய எல்லாம் திரும்பிப் பாக்குதாவ. ஒங்களுக்குக் கேக்கலியா?”

“அவிய வண்டிய பாக்கல்ல, ஒன்னத்தான் பாக்குதாவ. நீ போடுத சத்தம் அப்படி.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சு அவர் காதில் ஏறியதில்லை என்பது வேறு கதை. ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தன் வீட்டுக்காரரைப் பற்றி இதையேதான் சொல்வாள். ஆனால் பிரேக் என்ன, பெண்டாட்டியா? அது கூவினாலும் கேட்காத மாதிரி இருப்பார்களா?

நான் அப்படிச் சும்மா விடுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது மற்ற நாலு பேரும் கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நால்வரையும் வண்டியில் ஏற்றினேன். கடற்கரை ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வருவோம், சத்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். இவர் வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக் காட்டினார். வண்டி வழிநெடுகக் கூவியது. முக்கில் மீன் விற்றுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் ஸ்ராங்கின் முகத்தைப் பார்த்தேன்.

“நல்லா கவனிச்சுக் கேட்டேன் தங்கச்சி. ஒண்ணும் இல்ல” என்றார் அவர்.

பின்சீட்டிலிருந்து இன்னொருவர் சொன்னார். “வண்டி வெண்ணெ கணக்கால்லா நிக்குது. மைனிக்குக் காதுல வண்டு ஏதாவது ஏறியிருக்கும். எண்ண விட்டுப் பாருங்க.”

ஐந்து பேரும் சிரித்தார்கள். அதில் என் கணவருடைய சிரிப்புத்தான் பெரிது. ஒருவர் சொன்னால் வீம்பு என்று தள்ளலாம். ஐந்து பேர், அதுவும் விளையாட்டாகச் சொல்லவில்லை, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உண்மையாகவே கவனித்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நான் காதில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். வண்டு எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் சிதறால் பக்கம் போக வேண்டியிருந்தது. அது முடிந்ததும் வொர்க்ஷாப்பில் காட்டலாம், உன் வாய் ஓய்வதற்காகவாவது காட்டலாம் என்று இவர் ஒத்துக்கொண்டார்.

சிதறால் பக்கம் போவது இறந்துபோன என் தம்பியின் ஓர்ம நாளுக்காக, அவன் நினைவுக்காக. அவனும் அதே படகில்தான் வேலை பார்த்தான். நாலு வருடத்துக்கு முன்னால், தடைக்காலம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டான். வலையை ஏற்றிக் கொட்டிவிட்டு எல்லோரும் குனிந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அப்போதுதான் எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, படகு போய்க்கொண்டிருந்தது. தம்பி பின்பக்கம் தனியாக நின்றிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. படகைத் திருப்பிக்கொண்டு போய் அன்றும் மறுநாளும் தேடினார்கள். பக்கத்துப் படகுகளும் வந்து தேடின. கிடைக்கவில்லை.

கரைக்கு வந்ததும் ஐந்து பேரும் தம்பி மனைவியின் முன்னால் போய் நின்றார்கள். ஸ்ராங்குதான் பேசினார்.

“அவன் விளிக்கல்ல மக்கா. ஒரு சத்தம்கூட போடல்ல. நாங்க அஞ்சு பேரும் அங்கனதான் நின்னோம். விளிச்சிருந்தா ஒருத்தனுக்காவது கேட்டிருக்காதா? நெஞ்சு அடச்சிருக்கும். விழும்போதே உசிரு இருந்திருக்காது.”

நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். விசாரிக்க வந்தவர்களும் நம்பினார்கள். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? அவன் மீன் மாதிரி நீந்துவான். உயிரோடு விழுந்திருந்தால் கத்தியிருப்பான். கத்தியிருந்தால் ஐந்து பேரில் ஒருவருக்காவது கேட்டிருக்கும். அதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி மனைவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள். அவளுக்கு உடல் கிடைக்கவில்லை. போய் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கல்லறையும் இல்லை. தன் கணவர் கூப்பிடவில்லை என்பது மட்டும்தான் அவளிடம் இருந்தது. அப்படியென்றால் அவர் தண்ணீரில் கிடந்து தத்தளிக்கவில்லை. படகு தன்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவளே அதைச் சொல்லி அவர்களைத் தேற்றினாள். பிள்ளைகளிடமும் அதையே சொல்லி வளர்க்கிறாள். அந்த ஒரு சொல் இல்லாமல் போயிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

வருடா வருடம் சிதறால் பக்கத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் அவன் பேரால் சாப்பாடு கொடுப்போம். இறந்த தேதியில் இல்லை, தடைக்காலத்தில். ஐந்து பேரும் கரையில் இருக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அவர் கடைசியாகப் பார்த்த முகங்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்பாள்.

அந்த வருடமும் போனோம். இவர் ஓட்டினார், முன்னால் ஸ்ராங்கு. நடுவில் நானும் தம்பி மனைவியும் வலைக்காரர் ஒருவரும். கடைசி சீட்டில் மற்ற இருவர். மழை விட்டு விட்டுத் தூறியது. மார்த்தாண்டத்தில் நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து போகும்போது வண்டி நிறுத்தாமல் கூவியது.

“மைனி, இது என்ன சத்தம்?” என்றாள் தம்பி மனைவி.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. “ஒனக்குக் கேக்குதா? அப்பாடா! எனக்குக் கிறுக்குன்னுல்லா சொல்லிட்டு நடக்காவ.”

“பல்லு கூசுது மைனி. அண்ணே, ஒங்களுக்குக் கேக்கலியா?”

ஸ்ராங்கு முழுதாகத் திரும்பி அவள் வாயைப் பார்த்தார். “என்ன மக்கா?”

“இந்தச் சத்தம்.”

ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். அந்த நேரத்திலும் வண்டி கூவிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் காது கிழிந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, “இல்லியே” என்றார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் ஜன்னல் பக்கம் வந்து, பேட் போயாச்சு அண்ணாச்சி, மாத்துங்க என்று சைகையும் வாயுமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹார்ன் அடிக்காதே என்கிறான் என்று இவர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்.

தம்பி மனைவி ஐந்து பேரையும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தாள். என் பக்கம் ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் நான் அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

இல்லத்தில் எப்போதும் போல எல்லாம் நடந்தது. ஜெபம் சொன்னோம். ஐந்து ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார்கள். எங்கள் ஆட்கள் பரிமாறினால் கூடமே அதிரும். சோறு வேணுமா என்று கேட்பதே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். புதிதாக வந்திருந்த ஒரு சிஸ்டர் தம்பி மனைவியிடம் என்ன நடந்தது என்று விசாரித்தார். அவள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்.

“அவரு விளிக்கவே இல்ல சிஸ்டர். இவிய அஞ்சு பேரும் பக்கத்துலதான் நின்னாவ. கஷ்டப்படாம போயிட்டாரு.”

திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறக்கம். கூவல் நின்றிருந்தது. அப்பாடா, ஓய்ந்தது என்று நான் நினைத்தேன். ஓயவில்லை, இரும்போடு இரும்பு உரசுகிற ஒரு அரைப்பாக அது மாறியிருந்தது. அரிவாளைக் கல்லில் வைத்து இழுப்பது போல. இவர் முகம் சட்டென்று மாறியது.

“காலுல ஒரு அதிர்வு தட்டுது” என்றார்.

வளைவு திரும்பினால் நடுரோட்டில் பஸ் நிற்கிறது, ஆள் இறங்குகிறார்கள். இவர் மிதித்தார். வண்டி இடது பக்கம் இழுத்ததே தவிர நிற்கவில்லை. பெடல் அடிவரை போய்விட்டது. இறங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு இருந்தாள். அவள் புடவையின் நிறம்கூட எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. இவர் கியரைப் படபடவென்று கீழே இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை இடது பக்கத்து மண் திட்டில் சாய்த்து உரசவிட்டார். படகைத் துறையில் அணைக்கிற மாதிரி அது முனகிக்கொண்டே போய், பஸ்ஸுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. யாருக்கும் அடியில்லை. யேசுவே என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து, மார்த்தாண்டத்துக்கு முன்னால் ரோட்டோரம் இருந்த ஒரு வொர்க்ஷாப்பில் நிறுத்தினோம். மெக்கானிக் கலகலவென்று பேசுகிற ஆள். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினார். பேட்டை உருவி எடுத்து எங்கள் முன்னால் நீட்டினார். பேட் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. டிஸ்க்கில் வட்ட வட்டமாகக் கீறி வாய்க்கால் விழுந்திருந்தது. இதை நம்பியா ஏழு உயிர் மலையிலிருந்து இறங்கி வந்தோம்?

“இது இண்ணைக்கு நேத்து போனதில்ல” என்றார் மெக்கானிக். தகட்டின் ஓரத்தில் வளைந்திருந்த ஒரு சின்ன இரும்பு நாக்கைக் காட்டினார். “இது எதுக்குன்னு தெரியுமா? பேட்டு தேஞ்சு போச்சுன்னா இது டிஸ்க்குல தொட்டுக் கூவும். ஆள விளிச்சுச் சொல்லதுக்குன்னே வச்சிருக்கான். இது எப்படியும் ஒரு மாசமாட்டு விளிச்சிருக்கும். ஒருத்தரும் கேக்கலியா? இத்தன ஆம்பிளைய இருக்கிய, எல்லாருக்கும் காது அவுட்டா?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். “கேளுங்க, நல்லா கேளுங்க. எனக்கு வண்டு ஏறிட்டுன்னு சொன்னவிய எல்லாம் இங்கதான் நிக்காவ” என்றேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. இவர் அந்தத் தகட்டை வாங்கி, அந்தச் சின்ன நாக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

“சத்தியமாட்டு எனக்குக் கேக்கல்ல ஏட்டி” என்றார். அதில் வீம்பே இல்லை. பயம் இருந்தது.

“எனக்கும் கேக்கல்ல” என்றார் ஸ்ராங்கு. மற்ற மூவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

என் சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் வீம்பு பிடிக்கவில்லை, என்னைக் கேலி செய்யவும் இல்லை. இவர்களுக்கு உண்மையாகவே கேட்கவில்லை. இருபது வருடம் சைலன்சர் இல்லாத எஞ்சினுக்குப் பக்கத்திலேயே தின்று, உறங்கி, வேலை பார்த்த காதுகள். படகில் பேச்சே கிடையாது, எல்லாம் கையால்தான் என்று இவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கரையிலோ நாங்கள் யாரும் மெதுவாகப் பேசுகிறவர்கள் இல்லை. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய ஊர். எதிரே நின்று, முகம் பார்த்து, கத்திப் பேசுகிற ஊரில் யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? கனமான சத்தம் கேட்கும், கதவு தட்டினால் கேட்கும், மேளம் கேட்கும். மெல்லிசான, கூர்மையான சத்தம் ஐந்து பேருக்கும் போய்விட்டிருந்தது. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி போனதால் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொண்டு நன்றாக இருந்தார்கள்.

இதைச் சொல்லலாம் என்று தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் இல்லை.

மெக்கானிக் இன்னொரு வண்டிக்குக் காற்று அடிப்பதற்காகக் கம்ப்ரசரைப் போட்டார். தடதடவென்று தரை அதிர அது ஓடத் தொடங்கியது. ஐந்து பேரும் அதற்குப் பக்கத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இவர் கையிலிருந்த தகட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அத்தான்!”

என் தம்பி என் கணவரை அப்படித்தான் கூப்பிடுவான். தம்பி மனைவி ஒருநாளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவளுக்கு அவர் அண்ணன். அவள் தூறலில் ரோட்டோரம் போய் நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப தூரம் இல்லை. படகின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் உள்ள தூரம்தான் இருக்கும்.

ஐந்து முதுகில் ஒன்றுகூட அசையவில்லை.

“அத்தான்!” என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே டீக்கடையில் நின்ற ஒருவர் கண்ணாடி டம்ளரோடு திரும்பினார். இவர் தகட்டை மறுபக்கம் திருப்பி ஸ்ராங்கிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டதை எழுத எனக்குத் தெரியவில்லை. அது ஒரு பெண் ஆளைக் கூப்பிடுகிற குரல் இல்லை. நான் அந்த இடத்தில் நின்றபடியே மனதுக்குள் வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். ஆண் குரல் கனமானது, கேட்டிருக்கும். நாலு வருடத்துக்கு முன்னால் இவர்கள் காது இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. நெஞ்சு அடைத்துத்தான் விழுந்திருப்பான். ஆனால் படகின் எஞ்சின் இந்தக் கம்ப்ரசரைவிடப் பல மடங்கு பெரியது. கடலில் விழுந்தவனுக்கும் படகுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டேதான் போகும்.

போய் இவர் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் கண் போன திசையில் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. அவர் கையிலிருந்த தகடு கீழே விழுந்தது. மற்ற நாலு பேரும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மெக்கானிக் என்ன நினைத்தாரோ, கம்ப்ரசரை நிறுத்திவிட்டார்.

“விளிச்சியா மக்கா?” என்று இவர் கேட்டார்.

அவள் தூறலை விட்டு உள்ளே வந்து அவருக்கு நேர் முன்னால் நின்றாள். அழவில்லை. பக்கத்தில் நின்று முகம் பார்த்து நிதானமாகச் சொன்னதால் அது ஐந்து பேருக்கும் கேட்டது.

“நான் மூணு தடவ விளிச்சேன் அண்ணே. அவரு எத்தன தடவ விளிச்சாரோ.”